நாற்பத்தொன்றாம் விண்ணப்பம்

துர்க்கு நகரில் நவம்பர் என்பது
மூன்று மணிக்கே விளக்குப் போடும் மாதம்.
அறக்கட்டளையின் நீள மேசையில்
எழுபத்தெட்டுக் கோப்புகள், ஏலக்காய் ரொட்டி,
காலியாக விடமாட்டேன் என்கிற காப்பிக் குடுவை.
மேலாண்மைத் துறையில் இந்த வருஷம்
ஒன்பது பேருக்குத்தான் பணம்.

நான் பேராசிரியன் இல்லை.
கப்பல் தளத்தில் முப்பத்தொரு வருஷம்
கொள்முதல் பார்த்து ஓய்ந்தவன்.
தொழில் உலகின் குரல் என்று
இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.
அந்தக் குரல் பெரும்பாலும் இருமும், அவ்வளவுதான்.

நாற்பத்தொன்று: சைமி கேதோலா.
ஆய்வில் நான்காம் ஆண்டு.
பல்கலைக்கழகச் சம்பளம் ஆகஸ்டோடு நின்றுவிட்டது.
கேட்பது பன்னிரண்டு மாதம்.
பயணச் செலவு என்ற கட்டத்தில் பூஜ்யம்,
பூஜ்யத்தை யாராலும் வெட்ட முடியாது என்று தெரிந்தவள் போல.
இதர செலவு: பேருந்து அட்டை, இரவுக்கானது.

பொருள்: தளர்வு.
ஒரு நிறுவனம் கையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்க வேண்டுமாம்.
வேலையில்லாத ஒரு ஜோடிக் கை,
யாரும் கணக்கு எழுதாத பெட்டித் திருகாணி.
புதுசாக ஏதாவது முளைத்தால் அங்கேதான் முளைக்கும்
என்கிறது கோட்பாடு.
சரிதான், மிச்சமில்லாதவள்
மிச்சத்தைப் பற்றி எழுதுகிறாள் என்று
ரொட்டியைப் பிட்டுக்கொண்டேன்.

மூன்றாம் பக்கம்.
களம்: கப்பல் தளம், ஏழாம் கூடம்.
இரவுத் துப்புரவுப் பணியாளர்கள் அறுபத்துநாலு பேர்.
ஐந்து மாதம் அவர்களோடு வாளி தூக்கியிருக்கிறாள்.
ஒரு மேற்கோள், பெயர் மாற்றப்பட்டது:
"முன்பு நடுவில் பதினோரு நிமிஷம் இருந்தது.
யாருக்குக் கை வலிக்கிறது, எந்தப் படி வழுக்குகிறது,
எல்லாம் அதில்தான் பேசிக்கொள்வோம்.
ஒப்பந்தம் மாறியது.
இப்போது வழுக்குகிற படியை
விழுந்து தெரிந்துகொள்கிறோம்."

அந்த ஒப்பந்தத்தில் இருப்பது என் கையெழுத்து.

பதினோரு நிமிஷம் ஞாபகம் இருக்கிறது.
அட்டவணையில் மஞ்சள் அடித்த ஒரு கட்டம்.
அந்த வருஷம் எனக்கொரு கைக்கடிகாரம் தந்தார்கள்.
இதோ, கட்டியிருக்கிறேன்.

"தௌனோ, உங்கள் மதிப்பெண்?"
பிரிட்டா ஹோல்ம்ஸ்ட்ராண்ட் பென்சிலைத் தூக்கினார்.
பத்து கொடுத்தால் பாவமன்னிப்பை விலைக்கு வாங்கியது மாதிரி.
இரண்டு கொடுத்தால், அதைச் சொல்லவே வேண்டாம்.
"எனக்கு இதில் சம்பந்தம் உண்டு" என்று எழுந்தேன்.
விதி அப்படி. சம்பந்தம் உள்ளவன்
கதவுக்கு வெளியே நிற்க வேண்டும்.

நடைவழியில் கணக்குப் போட்டேன்,
பழைய புத்தி.
பதினோரு நிமிஷம், அறுபத்துநாலு பேர்,
வருஷத்துக்கு இருநூற்றிருபது இரவு.
இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பத்தொரு மணி நேரம், சொச்சம்.
ஒருத்தி உட்கார்ந்து ஆய்வேட்டை முடித்து
அச்சுப்பிழையும் திருத்திவிடலாம்.
கிள்ளிக் கிள்ளிச் சேர்த்ததை
நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன்?

ஏழு நிமிஷத்தில் கூப்பிட்டார்கள்.
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
தாளில் பென்சிலால்: ஆறு மாதம்.
எல்லோருக்கும் கொஞ்சம் என்பது எங்கள் பழைய வழி.
பாதிப் பாலம் கட்டிக் கொடுத்து
மீதியை நீந்திக்கொள் என்பது.
ஏன் பாதி என்று கேட்க எனக்கு வாயில்லை.
நாற்பத்திரண்டாம் கோப்பைத் திறந்தோம்.

முடிந்து ஆற்றங்கரைக்கு வந்தேன்.
அவுராவைக் கடக்கும் சின்னப் படகுக்குக் கட்டணம் கிடையாது.
யார் ஏறினாலும் அக்கரை வரை கொண்டுபோய் விடும்.
யாரையும் நட்டாற்றில் விட்டதாக
இதுவரை புகாரில்லை.

முடிவுகள் பிப்ரவரியில்தான் வெளிவரும்.
அதுவரை அவளுக்கு நான் எழுதக் கூடாது.
எழுதி, தேதி போடாமல் வைத்திருக்கிறேன்:
நேர்காணலுக்கு ஆள் வேண்டுமானால் நான் இருக்கிறேன்.
மூல அட்டவணை என் பரணில் கிடக்கிறது.
மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.